சுட்டி வருமுன் படம் வர வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். தோவாளையில் பூக்கட்டும் உறவினர் ஒருவருக்கு நான் இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். அதில் மாணிக்கமாலைப் படத்தின்மேல் மவுஸ் சுட்டி சென்றால், அரளி இதழ்களின் மடிப்பை மிக அருகில் காட்டும் இன்னொரு படம் தோன்ற வேண்டும். நாகர்கோவிலில் என் மேசையில் அது உடனே மாறியது. பேச்சிப்பாறையில் ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினியில் திறந்தபோதோ மாலை மறைந்து, வெறும் வெள்ளைக் கட்டம் நின்று, சற்று நேரம் கழித்தே மடிப்பு தெரிந்தது. இதழ் இதழாகக் கட்டியவரின் உழைப்பு அப்படி வெள்ளையாக நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பக்கத்தின் தோற்றத்தை விதிகளாகச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டில் எழுதிய எல்லாப் படங்களையும் பிரவுசர் உடனே இறக்குவதில்லை. எந்த விதி அந்த நேரத்தில் பக்கத்தின் ஓர் உறுப்புக்குப் பொருந்துகிறதோ, அதன் படத்தை மட்டுமே கேட்டு வாங்கும். சுட்டி மேலே நிற்கும்போதுள்ள தோற்றத்தைச் சொல்லும் ஹோவர் விதி, சுட்டி வந்த பிறகுதான் பொருந்துகிறது. ஆகவே அதே படத்தை, பக்கம் திறந்தவுடன் பொருந்தும் வேறொரு விதியிலும் எழுதிவிட வேண்டும். பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடி உறுப்பின் முடிவில், ஸ்டைல் ஷீட்டே உருவாக்கும் ஆஃப்டர் என்னும் போலி உறுப்பில், கன்டென்ட் பண்பின் மதிப்பாகப் படத்தின் முகவரியைக் கொடுத்து, அகலமும் உயரமும் பூஜ்யமாக்கி, வழிவதை மறைத்து, பொசிஷனை அப்சல்யூட் என வைத்தால், கண்ணுக்குத் தெரியாமலே படம் வந்து சேர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூடத் தேவையில்லை. மறைப்பதற்கு, உறுப்பையே காட்டாமல் விடும் டிஸ்ப்ளே நன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் போலி உறுப்பே உருவாகாது, படமும் வராது. முகவரியும் இரண்டு இடங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஒரே உறுப்புக்கு இரண்டு பின்னணிப் படங்களைக் கொடுத்தால், முதலில் எழுதியது மேலே நின்று மற்றதை மூடிக்கொள்ளும். ஹோவரில் இரண்டாவதை மட்டும் எழுதினால் போதும். மேற்படத்தில் ஒளி ஊடுருவும் பகுதி இருக்கக் கூடாது.

தளத்தில் உள்ள படங்களையெல்லாம் இப்படி வரவழைப்பது வாடிக்கையாளரின் டேட்டாவை வீணாக்கும். அதனால் நான் அந்த ஒரு படத்தை மட்டுமே சேர்த்தேன். ஹோவர் வசதியுள்ள சாதனத்துக்கு மட்டும் பொருந்தும் மீடியா நிபந்தனைக்குள், படத்தை முன்கூட்டியே வரவழைக்கும் விதியை வைத்திருப்பதால், தொடுதிரைக் கைபேசியில் விலை கேட்டுவரும் கல்யாண வீட்டார் அப்படத்துக்காகத் தம் டேட்டாவைச் செலவிட வேண்டியதில்லை.