நாகப்பட்டினம் ரயிலடி: ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி

(கூட்டத்தில் மைக் மக்கர் செய்ததால் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்டதாம். பேசியதை அப்படியே எழுதித் தரச் சொன்னார்கள். கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், பெரிதாக இல்லை.)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பாய் அவர்களே, வேளாங்கண்ணியில் இருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் பாதிரியார் அவர்களே, பணியில் இருப்பதால் மேடைக்கு வர மறுத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரயில்வே தோழர்களே, வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர் ஐயா 'வரலாற்று அறிஞர்' என்று ஒரு போடு போட்டார். அரிசி மண்டியில் கணக்கு எழுதியவன் நான், ரயிலடியில் மூட்டை ஏற்றி இறக்கும்போது நின்று பார்த்தவன், அவ்வளவுதான். பொன்னாடைக்கே நேரம் பாதி போய்விட்டது, யார் பெயரும் விடுபட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுபட்டவர் இப்போது கையைத் தூக்கினால் சொல்லிவிடுகிறேன். சரி, யாரும் தூக்கவில்லை.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். நம் ஸ்டேஷன் எப்படி வந்தது, கடலோரத்தில் ரயில் ஓட்டுவது என்றால் என்ன, மூன்றாவது சுனாமிக்குப் பிறகு நடந்தது. அதற்கு முன்னால் என் அப்பாயி அடிக்கடி சொல்லும் பழமொழி: ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஸ்டேஷனின் கதை முழுக்க இதுதான்.

தென்னாட்டில் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, 1853-இல், இங்கிலாந்தில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்று ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டி என்று அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது. நஷ்டம் வந்தால் நம் வரிப்பணம், லாபம் வந்தால் லண்டன் பங்குதாரருக்கு. அந்தக் கம்பெனி முதலில் காலூன்றிய இடம் நாகப்பட்டினம். ஏன் தஞ்சாவூர் இல்லை, ஏன் திருச்சி இல்லை? தண்டவாளமும் என்ஜினும் கப்பலில்தான் வந்தாக வேண்டும், கப்பல் நிற்பது இங்கே. சோழர் காலத்தில் கடல் தாண்டி இருந்த ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் கட்டிய துறைமுகம் இது, பிறகு டச்சுக்காரர் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையே பழவேற்காட்டில் இருந்து இங்கே கொண்டுவந்தார்கள். கடல் வழியாக வந்து இறங்கியவன் எவனும் நாகையைத் தவிர்த்துவிட்டுப் போனதில்லை.

1861-இல் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வரைக்கும் வண்டி, அடுத்த வருஷமே திருச்சிக்கு. அதுவும் அகலப்பாதையில்! சென்னையில் இருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு ரயில் வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் இந்த ஊரில் ரயில் ஓடியிருக்கிறது. கம்பெனி தலைமையிடமே இங்கேதான்.

அப்புறம் என்ன நடந்தது? 1874-இல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. செலவு குறையும் என்று 1870-களிலேயே அகலப்பாதையைப் பிடுங்கி மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளியுள்ள சின்னப் பாதை போட்டார்கள், தலைமையிடம் திருச்சிக்குப் போனது. இருந்த ரயில் பட்டறையையும் 1920-களில் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு ஊரே சம்பளம் வாங்கிய பட்டறை அது. ஆட்குறைப்பும் சேர்ந்து வர, 1928-இல் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். அதைப் பற்றியே ஒரு மாலை பேசலாம். நான் சொல்ல வருவது, தண்டவாளம் இறக்கும் வரை அண்ணன் தம்பி, இறக்கி முடிந்ததும் நீ யாரோ நான் யாரோ. பிடுங்கிய அகலப்பாதை திரும்பி வர 2010 ஆயிற்று!

கப்பலும் அப்படித்தான். ரஜூலா கப்பல் சென்னையில் கிளம்பி நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ரயிலில் வந்து இறங்கிய சனம் டிரங்குப் பெட்டியோடு படகில் போய் ஏற வேண்டும். அதற்கடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது.

இரண்டாவது விஷயம், வண்டி ஓட்டுவது. இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

என் சித்தப்பா மீட்டர் கேஜ் காலத்தில் இந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் பாயின்ட்ஸ்மேன், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிறவர். ஊர் பெயர் வேண்டாம். ஒற்றை லைனில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்போது உருண்டை டோக்கன் இருந்தது. இந்த ஸ்டேஷனில் ஒரு இரும்புக் கருவி, அடுத்த ஸ்டேஷனில் அதற்கு ஜோடி. அங்கே இருப்பவர் ஒப்புக்கொண்டால்தான் இங்கே உருண்டை வெளியே விழும். ஒன்று வெளியே இருக்கும்போது இரண்டு பக்கமும் இன்னொன்று வரவே வராது. அந்த உருண்டையைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். நிற்காத வண்டி என்றால் ஓட்டத்திலேயே ஒன்றை வீசிவிட்டு இன்னொன்றைக் கையில் கோத்து வாங்க வேண்டும். வாங்குபவன் தோள்பட்டை தெறித்துவிடும்.

ஒரு ராத்திரி, மாதா கோயில் திருவிழாக் கூட்டம், நல்ல மழை. வந்த வண்டியின் டிரைவர் வளையத்தை வீசினார். காற்றோ கைத்தவறோ, வளையம் பிளாட்பாரத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் குட்டைக்குள் போய் விழுந்தது. அந்த உருண்டையைக் கருவிக்குள் போட்டால்தான் லைன் திறக்கும். எதிர்ப்பக்கம் ஜெபமாலையும் தூக்குவாளியுமாய் ஒரு வண்டி சனம் காத்திருக்கிறது. தாளில் எழுதி, அடுத்த ஸ்டேஷனிடம் பிரைவேட் நம்பர் என்ற ஒப்புதல் எண் வாங்கி வண்டியை விட முறை உண்டுதான், ஆனால் உருண்டை எங்கே என்று மேலே எழுதிக் கேட்பார்களே! ஸ்டேஷன் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டைக்குள் இறங்கிவிட்டார். அரிக்கேன் விளக்கோடு சித்தப்பா, கேட்கீப்பர், டீக்கடைக்காரர். ஒருவர் காலில் நண்டு கடித்துவிட்டது, ஒருவருக்கு எப்போதோ யாரோ தொலைத்த செம்பு கிடைத்தது. உருண்டை மட்டும் இல்லை. கடைசியில் மீன் தடவுகிற ஒரு பொடியன், 'சார், எல்லாரும் மேல வாங்க, சேத்தைக் கலக்காதீங்க' என்று அதட்டிவிட்டு ஒரே முங்கில் வளையத்தோடு எழுந்தான். மாஸ்டர் பையில் இருந்த காசை நீட்டினார். அவன் வாங்கவில்லை. 'மணியை நான் அடிக்கட்டுமா?' என்றான். அன்றைக்கு வண்டிக்கு மணி அடித்தது அவன்தான், மாஸ்டர் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றார்.

(இங்கே கைதட்டல் கொஞ்சம் நீண்டது. கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, இதைவிடப் பெரிய குட்டைக் கதை தன்னிடம் இருக்கிறது என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவரைப் போட்டிருக்கிறோம்.)

இப்போது உருண்டை இல்லை, கைகாட்டி மரம் இல்லை. உப்புக்காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்யும் கீமேன் ஒருவரோடு நடந்து பாருங்கள். தண்டவாளத்தின் தலை பளபளவென்றுதான் இருக்கும், அவர் காட்டுவது அடிப்பாகத்தை. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குக் கீழே, லைனர் என்ற தகடு உட்காரும் இடத்தில் உப்பு நீர் தங்கி இரும்பை ஏடு ஏடாக உரிக்கும். கிளிப்பும் துருவேறி இறுகிக்கொள்ளும், சுத்தியல் அடிக்கு அசையாது. அதனால்தான் அவ்வப்போது கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுகிறார்கள். மின்கம்பியின் பீங்கானிலும் உப்பு படியும், அதையும் துடைத்தாக வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்பதை மூன்றாம் வரிசைத் தோழர்கள் வாயால் சொல்ல முடியாது, நான் சொல்கிறேன்.

இதே ஒற்றை லைனில்தான் காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டிகளும் போகின்றன. எதிர்வண்டிக்கு வழிவிடக் கிராசிங் போட்டு நாம் சிக்கல் ஸ்டேஷனில் நின்றோம், கீழ்வேளூரில் நின்றோம் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். பாதைக் குறைக்குத்தான் இப்போது வருகிறேன்.

நாகையில் இருந்து வேளாங்கண்ணிக்கு 2010-இல் பாதை போட்டார்கள், 10 கிலோமீட்டர். போய் நின்றுவிட்டது. தெற்கே திருத்துறைப்பூண்டி இருக்கிறது. அங்கிருந்து பட்டுக்கோட்டை, காரைக்குடிக்கு அகலப்பாதை தயார். 2023-இல் அகஸ்தியம்பள்ளிக்கும் ரயில் திரும்பி வந்தது, 1930-இல் ராஜாஜி உப்பெடுத்த வேதாரண்யம் பக்கம் அது. வேளாங்கண்ணிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் உள்ள துண்டு மட்டும் இல்லை. இன்று வேளாங்கண்ணியில் இருந்து ஒருவர் ரயிலில் திருத்துறைப்பூண்டி போக வேண்டும் என்றால் நாகைக்கு வந்து, திருவாரூருக்குப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி தெற்கே இறங்க வேண்டும். பஸ்காரர் சிரிக்கிறார்.

நாகை - திருத்துறைப்பூண்டி புதுப்பாதை என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறார்கள். மேடையில் எல்லாக் கட்சி நண்பர்களும் இருக்கிறீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பிதான். 2023 அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவன் ராமேஸ்வரம் போக வேண்டும் என்றால் கரையோரமாகவே ரயில் இருக்க வேண்டாமா? அந்தத் துண்டை முடியுங்கள், முதலில் அதை முடியுங்கள். அழகு நுழைவாயில், செல்பி எடுக்கும் இடம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

சுனாமி பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். பாதிரியார் ஐயாவும் பாயும் அதைப் பற்றி என்னைவிட நன்றாகவே பேசுவார்கள்.

இந்தப் பாதை கேட்கும் மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு பெயரையும் ஊரையும் புரிகிற மாதிரி எழுதுங்கள். போன தடவை பாதிப் பேர் வெறும் கிறுக்கலைப் போட்டுவிட்டுப் போனார்கள், யார் யாரென்று தெரியாமல் அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள்.