அகத்தின் அலை யாருக்குச் சொந்தம்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட துணைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நரம்பியல் மருத்துவர்களே, விடாமல் தொலைபேசியில் அழைத்து என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திய செயலாளர் அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்.' இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். இன்றைக்கு அது தானாகவே வந்து பொருந்துகிறது. முகத்தையும் விரல் ரேகையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்த கருவிகள் இப்போது மூளையின் மின்னலையைப் பதிவுசெய்து ஆளை அடையாளம் காண, அகத்துக்குள்ளேயே எட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: இது எப்படி நடக்கிறது, எவ்வளவு நம்பலாம், அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்.

முதலில் ஒரு கதை. 1890களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் வானியல் படிப்பை விட்டுவிட்டுக் குதிரைப்படையில் சேர்ந்திருந்தார். ஒரு நாள் பயிற்சியில் குதிரை மிரண்டது. ஆள் கீழே. எதிரே பீரங்கி வண்டி! சக்கரம் ஏறப்போகிறது, முடிந்தது கதை என்று கண்ணை மூடும் நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: 'நலமாக இருக்கிறாயா?' வெகு தொலைவில் இருந்த அக்காள், தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அடம்பிடித்துத் தந்தி கொடுக்கவைத்திருக்கிறாள். 'என் பயம் அவள் மனசுக்கு எப்படிப் போனது?' என்று பெர்கர் யோசித்தார். இந்தக் கேள்விதான் பெர்கரை மருத்துவம் படிக்கவைத்தது. 1924இல் மனித மூளையின் மின்னலையைப் பதிவுசெய்தார். சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்கித் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். தேடியது மனம்விட்டு மனம் பாயும் சக்தியை, கிடைத்தது ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவு.

அந்த அலை எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு வோல்ட்டை லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறுகள், அவ்வளவுதான். நானே ஒருமுறை அந்தக் கருவியைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். மண்டையில் சில்லென்று பசை தடவினார்கள். இமை கொட்டினேன், திரையில் ஒரு மேடு எழுந்தது. பல்லைக் கடித்தேன், கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிட்டது. "சார், சும்மா இருங்க" என்றார் அந்தத் தம்பி.

இந்த நுண்ணிய அலை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு படத்தைக் கண்டதும் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் எழும் துடிப்பும் அப்படித்தான். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் 50 பேருக்கு 500 படங்களைக் காட்டினார்கள். ஒரு படகு, ஒரு நடிகை, இப்படி. அந்தத் துடிப்பை வைத்தே 50 பேரையும் பிழையில்லாமல் இனம் கண்டதாக 2016இல் அறிவித்தார்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. 2015இல் அமெரிக்க அரசுக் கோப்புகளிலிருந்து 56 லட்சம் பேரின் விரல் ரேகைகள் திருடுபோயின. அவர்கள் புது விரலுக்கு எங்கே போவார்கள்? மூளைப்பதிவு திருடுபோனாலோ, படங்களை மாற்றிப் புதுப் பதிவு எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாவது. தூக்கக் கலக்கம் அலையை மாற்றும், தலையில் ஒட்டும் மின்முனை சற்று நகர்ந்தாலும் மாறும்; 50 பேர் வேறு, ஊர் உலகம் வேறு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதியை மருத்துவர்கள் சொல்வார்கள்.

நான் வந்ததே மூன்றாவதற்காகத்தான். விரல் ரேகை நீங்கள் யார் என்று மட்டும் சொல்லும். மூளையலையோ வலிப்பு நோயையும் அரைத்தூக்கத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். 2012இல் ஆய்வாளர்கள், கணினி விளையாட்டுக்கு விற்கும் மூளையலை படிக்கும் தலைப்பட்டையைச் சிலருக்கு மாட்டி, எண்களையும் வங்கிப் பெயர்களையும் திரையில் ஓடவிட்டார்கள். மாட்டியவரின் மூளையலையைப் பார்த்தே அவருடைய ரகசிய எண்ணின் முதல் இலக்கத்தையும் வங்கியையும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே கணிக்க முடிந்தது. அகத்தின் அழுக்கும்கூட முகத்தில் தெரியாமல் இருக்கட்டுமே ஐயா, அது நம் உரிமை இல்லையா? சிலி நாடு 2021இல் தன் அரசியல் சட்டத்திலேயே மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தகவலுக்கும் காப்பு எழுதிவைத்துவிட்டது.

மூளையலையை வைத்து ஆளை அடையாளம் காண்பவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். அடையாளம் பார்த்து முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும். தலைப்பட்டை வேண்டாம் என்பவருக்குக் கடவுச்சொல்லோ அட்டையோ வேறு வழியாகக் கட்டாயம் இருக்க வேண்டும். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, மனசு ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பேனா நாங்களே வைத்திருக்கிறோம். போகும்போது திருப்பி வைத்துவிடுங்கள். வணக்கம்.