பாசமா, பயனா? பயனே!

நடுவர் அவர்களே, மார்த்தாண்டத்துப் பெரியோர்களே, வணக்கம்.

மனிதனையும் விலங்கையும் சேர்த்துக் கட்டுவது பாசமா, பயனா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் சற்றுமுன் கிளின்டன் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைத் துணைக்கு அழைத்தார். நாய் வளர்ப்பவர்கள் நாயை மனம் உள்ள ஓர் ஆளாகவே பார்க்கிறார்கள் என்று அவர் எழுதியது உண்மை. கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அதே சாண்டர்ஸ், அர்னால்ட் ஆர்லூக்கோடு சேர்ந்து 1996இல் இன்னொன்றும் சொன்னார்: சமூகம் விலங்குகளை ஏணியில் ஏற்றி வைத்திருக்கிறது. செல்லப்பிராணியும் நமக்கு உதவும் பிராணியும் மேலே. எலியும் பூச்சியும் கீழே. இதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார்.

அந்த ஏணி எங்கள் வீட்டுத் தொழுவத்திலும் இருந்தது. எங்கள் பாட்டா, தாத்தாவைத்தான் சொல்கிறேன், தேன்பெட்டி வைத்திருந்தவர். ரப்பர் தளிர்க்கும் மாசியில் பெட்டி நிறையும். பலரும் ரப்பர் பூத்தேன் என்கிறார்கள். உண்மையில் அது தளிர் இலைக் காம்பில் கசிவது. ஆனி, ஆடி மழையில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. அப்போது பாட்டா சீனிப்பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார். தேனீ முங்கிச் சாகாமலிருக்க நாலு ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார். "பிள்ளைய பட்டினி கெடக்கப்பிடாதுல்லா" என்பார்.

எதிரணியில் யாரோ இதைக் குறித்துக்கொள்கிறார். சரி, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே தொழுவத்துக் கூரையில் கடந்தை, அதாவது பெருங்குளவி, கூடு கட்டியபோது, அதே பாட்டா ராத்திரியில் ஓலைச்சூட்டு கொளுத்தி மொத்தத்தையும் கருக்கினார். கடந்தையும் கொட்டும், தேனீயும் கொட்டும். கடந்தைக்கும் ராணி உண்டு, குஞ்சு உண்டு. தேன்தான் இல்லை!

1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது. பாட்டாவின் பெட்டிகளும் காலி. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள், கோழி முட்டையிட ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டார்.

பாசமே கிடையாது என்று நான் வாதாடவில்லை, நடுவர் அவர்களே. பயன் முதலில் வந்து திண்ணையில் உட்கார்ந்தது, பாசம் பிறகு வந்தது என்கிறேன். கடந்தையைப் பிள்ளை என்று கூப்பிட்டு, மழைக்காலத்தில் பாகு வைத்த ஒரே ஒருவரை எதிரணி இந்த மேடையில் கொண்டுவந்து நிறுத்தட்டும். நான் இறங்கிவிடுகிறேன்.