60 எலிகள், ஒரு வருடக் காத்திருப்பு

வணக்கம் மக்களே. போன வீடியோவில் மூளைக்காய்ச்சல் பற்றிப் பேசும்போது, வைரஸும் இல்லாமல் பாக்டீரியாவும் இல்லாமல் தொற்றுகிற நோய் ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் அதையே பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். சரி, இன்றைக்கு அதுதான். அதன் பின்னால் ஆயுள் முழுக்க அலைந்த நரம்பியல் மருத்துவர் ஸ்டான்லி புரூசினரின் கதை.

1972. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். புரூசினர் நரம்பியல் பயிற்சியில் சேர்ந்து 2 மாதம்தான் ஆகியிருந்தது. ஞாபகம் நழுவிக்கொண்டே போய், அன்றாட வேலைகளைக்கூடச் செய்ய முடியாமல் தவித்த ஒரு பெண் அவருடைய பொறுப்பில் வந்தார். க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் நோய். சுருக்கமாக சி.ஜே.டி. மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். பிழைக்க வழியே இல்லை.

தொற்று என்கிறார்கள், ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அசையக்கூட இல்லை. அதெப்படி? இந்தக் கேள்விதான் அவரை விடவில்லை. 'மெதுவாக வேலை செய்யும் வைரஸ்' என்பதுதான் அன்று எல்லாரும் சொன்ன பதில். அந்த வைரஸை யாரும் பிரித்தெடுத்துக் காட்டியதில்லை.

1974இல் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். செம்மறி ஆடுகளுக்கு இதே வகையில் ஸ்க்ரேப்பி என்றொரு நோய் வரும். அரிப்புத் தாங்காமல் வேலியில் உரசி உரசி ரோமமே உதிர்ந்துவிடும். அந்த நோய் தொற்றிய மூளையை அரைத்து, படிப்படியாகச் சுத்திகரித்து, கடைசியில் மிஞ்சும் நோய்க்காரணியைப் பிடிப்பதுதான் திட்டம்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தாக வேண்டும் இல்லையா? ஒரே ஒரு மாதிரியை அளக்க 60 எலிகளுக்கு ஊசி போட்டு, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்! தப்பாகப் போனால் அடுத்த வருடம்தான் தெரியும். நிதி கொடுத்த அமைப்பு கையை விரித்தது. நிரந்தரப் பதவி கிடையாது என்றது பல்கலைக்கழகம். அந்த முடிவைப் பிறகு மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சில வருடங்களை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

எலி மாதிரியான சிறு விலங்கான ஹாம்ஸ்டர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வரும் என்று வேறு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். இவர் அதற்கு மாறினார். 4 ஹாம்ஸ்டர், சுமார் 70 நாள், அளவு கைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், நோபலுக்கான பாதை அந்தக் கூண்டில்தான் திறந்தது.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது. மரபுப்பொருளான டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வை அழிக்கும் முறைகளால் அந்தச் சாற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. புரதத்தைச் சிதைத்தால் மட்டும் வீரியம் இறங்கியது. 1982இல் துணிந்து எழுதினார்: இது வைரஸ் அல்ல, தொற்றும் புரதம். 'பிரியான்' என்று பெயரும் வைத்தார். வைரஸ் ஆய்வாளர்கள் பலர் கொதித்துப் போனார்கள். மரபுச் செய்தியே இல்லாத ஒன்று எப்படிப் பெருகும்?

நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி மோர் முழுப் பாலையும் தன்போல மாற்றிவிடுகிறது. ஆனால் மோரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, இங்கே அதுகூட இல்லை. நம் நரம்பு செல்களில் இயல்பாகவே இருக்கிற ஒரு புரதம் தவறாக மடிகிறது. பக்கத்தில் இருப்பதையும் அப்படியே மடிய வைக்கிறது. அந்தப் புரதமே உருவாகாதபடி மாற்றிய எலிகளுக்கு ஸ்க்ரேப்பி வரவில்லை என்று 1993இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டியது பெரிய திருப்பம்.

1997இல் நோபல், அவர் ஒருவருக்கே. நியாயமாகச் சொன்னால், 1960களிலேயே கதிர்வீச்சுச் சோதனை செய்து 'இதில் மரபுப்பொருள் இருப்பதாகத் தெரியவில்லை' என்று காட்டிய ஆய்வாளர் டிக்வா ஆல்பரின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1967இல் புரதமே காரணமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர் கணிதவியலாளர் கிரிஃபித்.

இன்று முதுகுத்தண்டு நீரில் சில துளி போதும். நல்ல புரதத்தோடு சேர்த்துக் குலுக்குகிறார்கள், அது தவறாக மடியத் தொடங்கினால் நோய் கிட்டத்தட்ட உறுதி. எலியும் வேண்டாம், வருடமும் வேண்டாம். ஆனால் மருந்து? மலேரியாவுக்குப் பயன்பட்ட குவினாக்ரின் என்ற மருந்தைப் புரூசினரின் பல்கலைக்கழகத்திலேயே சி.ஜே.டி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. 1972இல் வந்த அந்தப் பெண் இன்று வந்தால், என்ன நோய் என்று சில நாளில் சொல்லிவிடலாம். குணப்படுத்த இன்னும் நம்மிடம் எதுவும் இல்லை.