காய்ச்சல் 38.3, கவுன்ட் 264: மருந்துக்கு மசியாத கிருமி ரத்தத்தில் ஏறும்போது

[திரை: தெர்மாமீட்டர் 38.3-இல் நிற்கிறது. ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.]

கீமோ முடிந்து பத்தாவது நாள். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. மற்ற குழந்தைகளுக்கு என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. ஒரே ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும் உடனே கிளம்ப வேண்டும். பாரன்ஹீட்டில் இவை 101, 100.4. சில மையங்கள் சற்று வேறு எண் வைத்திருக்கும். உங்கள் மையம் சொன்ன எண்ணே உங்களுக்குச் சட்டம்.

மருத்துவமனையிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதும், அந்த வழியாக மருந்து வைப்பதும் கூடாது. அங்கே சவ்வு ஏற்கெனவே நொந்திருக்கும். ஒரு சிறு கீறலே கிருமிக்கு வாசல்.

[திரை: ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று எண்களில் வட்டம்.]

இந்தச் சீட்டைப் பாருங்கள். மொத்த வெள்ளணு 1,200. கிருமியை விழுங்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 20 சதவீதம், அதன் முதிராத வடிவமான பேண்ட் 2 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 22. 1,200-இல் 22 சதவீதம் என்றால் 264. வார்டில் எல்லாரும் ‘கவுன்ட்’ என்று சொல்லும் ஏஎன்சி, அதாவது நியூட்ரோஃபில் எண்ணிக்கை, இதுதான். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. 100-க்கும் கீழே இறங்கி ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தால் ஆபத்து பல மடங்கு. பெரும்பாலான கீமோக்களில் 7 முதல் 14-ஆம் நாள் வரை கவுன்ட் அடிமட்டத்தில் இருக்கும்.

கவுன்ட் இல்லாதபோது இன்னொரு சிக்கலும் உண்டு. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அந்த அணுவே இல்லையென்றால் சீழ் கட்டாது, சரியாகச் சிவக்காது, நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். பல நேரங்களில் காய்ச்சல் மட்டுமே சாட்சி.

[திரை: குடலின் உட்சுவர், பெரிதாக்கிய படம். செல்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.]

கிருமி எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் அது குழந்தையின் குடலிலேயே குடியிருப்பது. வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ கொல்லும். குடலின் உட்சவ்வும் அந்த ரகம்தான். சவ்வு உரிந்ததும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவை ரத்தத்துக்குள் இறங்குகின்றன. சைட்டராபின் என்ற கீமோ மருந்தை அதிக அளவு வாங்கிய குழந்தைகளுக்கு வாய்ப்புண் வழியாக விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறி, சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியும் ஷாக் வரை இழுத்துவிடலாம்.

இரண்டாவது வாசல் லைன், அதாவது மருந்து ஏற்றப் பெரிய ரத்தக் குழாயில் நீண்ட நாள் வைத்திருக்கும் குழாய்: போர்ட், ஹிக்மன், பிக் லைன். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் குழாயின் உட்புறத்தில் படலம் கட்டிக்கொள்ளும். படலத்துக்குள் மருந்து சரியாக எட்டாது.

இப்போது மருந்தை எதிர்க்கும் கிருமிகளின் சக்திக்கு வருவோம். குழந்தை முன்பு வாங்கிய ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் குடலில் எளிதாகச் சாகும் கிருமிகளைத் துடைத்துவிட்டு, சாகாதவற்றுக்கு இடம் கொடுத்திருக்கும். அவற்றில் சில ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளின் வேதி வளையத்தை அது வெட்டிவிடும். அதற்கு மேல் ஒரு படி கார்பபெனமேஸ் என்ற நொதிகள்: கேபிசி, ஆக்ஸா-48, என்டிஎம். இவை கார்பபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனத்தையே வெட்டும். இந்த மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பயணிக்கும். உலக சுகாதார அமைப்பு 2024-இல் வெளியிட்ட பட்டியலில் ஈஎஸ்பிஎல், கார்பபெனமேஸ் ஆகிய இரண்டு ரகக் கிருமிகளும் மிக ஆபத்தான முதல் வரிசையில் இருக்கின்றன.

[திரை: கடிகாரம் மீண்டும். 60 நிமிடத்தில் சிவப்புக் கோடு.]

குழந்தை வந்த 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் நரம்பில் ஏற வேண்டும். என்ன கிருமி என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் சூடோமோனாஸையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு மருந்தைத் தொடங்குவார்கள்: செஃபெபிம், பிப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது ஒரு கார்பபெனம். ரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ, எதிர்ப்புக் கிருமி என்ற சந்தேகம் இருந்தாலோ இரண்டாவது மருந்து சேரும்.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வரவேண்டும்? பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டிலிருந்து, அதாவது குழந்தையிடம் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்த்த சீட்டிலிருந்து. முன்பு ஈஎஸ்பிஎல் வளர்ந்திருக்கிறது, மலக்குடல் ஸ்வாபில் என்டிஎம் இருந்தது என்ற ஒரு வரி, முதல் டோஸையே மாற்றிவிடும். அது கையில் இல்லாமல் போய், கிருமிக்கு உறைக்காத மருந்து ஓடினால், தவறு தெரிய இரண்டு நாள் ஆகும். கவுன்ட் இல்லாத குழந்தைக்கு அது மிக நீண்ட இரண்டு நாள். பழைய ரிப்போர்ட்டுகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள், தேதி தெரியும்படி.

[திரை: பிளட் கல்ச்சர் பாட்டில். மூடியைக் கழற்றும் கை.]

இனி இந்த பாட்டில். செவிலியர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திப் பேசுவோம், ஏனென்றால் தவறுகள் இங்கேதான் அதிகம்.

பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஸ்டெரைல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இல்லை. ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, பிறகே குத்த வேண்டும். லைனின் முனையையும் 15 விநாடி தேய்த்துத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு எடுத்தால் தோல் கிருமி பாட்டிலில் வளரும், அதற்காக ஒரு குழந்தை வீணாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கும். லைனில் எத்தனை லூமன் (உட்குழல்) உண்டோ அத்தனையிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். கை நரம்பிலிருந்தும் எடுக்க முடிந்தால் நல்லது.

ரத்தத்தின் அளவுதான் கல்ச்சரின் உயிர். குழந்தைகளின் பாட்டில் பொதுவாக 1 முதல் 3 மில்லிலிட்டர் கேட்கும். அரை மில்லி ஊற்றிவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்ற பதிலை நம்பக் கூடாது. ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு எடுத்ததும் அப்படித்தான். அதற்காக ரத்தம் கிடைக்கவில்லை என்று ஒரு மணி நேரம் மருந்தை நிறுத்தி வைப்பதும் தவறு.

லைனிலும் கையிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எடுத்திருந்தால் ஒரு நல்ல கணக்கு கிடைக்கும். லைன் பாட்டில் கை பாட்டிலைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி, கிருமி வளர்ந்ததாக இயந்திரத்தில் ஒலித்தால், தொற்று லைனில் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். எந்த பாட்டில் எங்கே எடுத்தது என்று லேபிளில் எழுதாவிட்டால் இந்தக் கணக்கு போயே போச்சு. பார்கோடை மறைத்து லேபிள் ஒட்டாதீர்கள். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

ரத்தத்தில் கிராம்-நெகட்டிவ் கிருமி இருந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் இயந்திரம் ஒலிக்கும். எந்த மருந்துக்கு மடியும் என்ற விவரம் வர மேலும் ஒன்றிரண்டு நாள்.

[திரை: ரிப்போர்ட். செஃப்ட்ரியாக்சோன் ≥64, எதிர்ப்பு. பிப்பராசிலின்-டாசோபாக்டம் 8, மடியும். மெரோபெனம் ≤0.25, மடியும்.]

கிளெப்சியெல்லா வளர்ந்திருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் போயிற்று, மெரோபெனம் வேலை செய்கிறது. ஈஎஸ்பிஎல் ரிப்போர்ட்டின் முகம் இதுதான். நடுவில் இருக்கும் பிப்பராசிலின்-டாசோபாக்டமைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 2018-இல் வெளியான மெரினோ ஆய்வில், இதே வகை ரத்தத் தொற்றில் அந்த மருந்து வாங்கியவர்களில் 12.3 சதவீதமும், மெரோபெனம் வாங்கியவர்களில் 3.7 சதவீதமும் 30 நாளில் இறந்தார்கள். அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. ஆனாலும் கவுன்ட் இல்லாத குழந்தையிடம் அந்தச் சூதாட்டம் ஆட எங்களுக்கு மனம் வராது.

இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எம்ஐசி எண்களை (கிருமி வளர்வதைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) ஒப்பிட்டு, சிறியதுதான் வலுவான மருந்து என்று தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு.

மெரோபெனமும் தோற்றால் நொதி எது என்று தெரிய வேண்டும். கேபிசி, ஆக்ஸா-48 என்றால் செஃப்டசிடிம்-அவிபாக்டம் பெரும்பாலும் உதவும். என்டிஎம்மிடம் அது தனியாகப் பலிக்காது. என்டிஎம்மால் வெட்ட முடியாத ஒரு மருந்து உண்டு, அஸ்ட்ரியோனம். ஆனால் கூடவே இருக்கும் ஈஎஸ்பிஎல் அதை வெட்டிவிடும். அவிபாக்டம் அந்த ஈஎஸ்பிஎல்லின் கையைக் கட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து, ஒரே வேளையில் ஏற்றுகிறார்கள்.

மற்ற மருந்துகளுக்கும் விலை உண்டு. கோலிஸ்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால், ஏற்கெனவே தளர்ந்த மஜ்ஜையை மேலும் அழுத்தும். சிஸ்பிளாட்டின் வாங்கிய குழந்தைக்கு அமிக்காசின் சேர்த்தால் காது கேட்கும் திறனைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் உள்ள இந்தக் குழந்தைகளின் சிறுநீரகம் சில நேரம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும். அதனால் மெரோபெனத்தை அரை மணிக்குப் பதில் 3 மணி நேரம் மெதுவாக ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

லைனை எடுப்பதா, காப்பாற்றுவதா? ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா என்றால் பொதுவாக எடுத்துவிடுவதே நல்லது. சரியான மருந்து ஓடியும் 72 மணி நேரம் கழித்து எடுத்த கல்ச்சரிலும் கிருமி வளர்ந்தால் அப்போதும் எடுக்க வேண்டும். சாதாரணத் தோல் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் பல நேரம் லைனைக் காப்பாற்றலாம்.

மருந்தை நிறுத்துவதும் சிகிச்சைதான். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, காய்ச்சல் 24 மணி நேரமாக இல்லை, கவுன்ட் ஏறத் தொடங்கியிருக்கிறது என்றால், கிருமி எது என்று தெரியும் முன்பே தொடங்கிய ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்றுதான் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. பயத்தில் நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும் குடலில் அடுத்த எதிர்ப்புக் கிருமிக்கு உரம்.

[திரை: போர்ட்டில் ஊசி. ஃப்ளஷ் ஏறுகிறது. குழந்தையின் தோள் நடுங்குகிறது.]

கடைசியாக, காய்ச்சலே இல்லாமல் வரும் ஒரு காட்சி. லைனை ஃப்ளஷ் செய்து, அதாவது உப்பு நீர் செலுத்திக் கழுவி, அரை மணிக்குள் குழந்தை கிடுகிடுவென நடுங்குகிறது. குழாய்க்குள் இருந்த கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்பட்டிருக்கலாம். கிளாம்பை மூடுங்கள். மறுபடி ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கை கால் சில்லிட்டிருக்கிறதா, குழந்தை வழக்கத்தைவிட மயங்கிக் கிடக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பார்த்து வைத்துக்கொண்டு, தெர்மாமீட்டர் 37 காட்டினாலும் உடனே கிளம்புங்கள்.