சமயபுரம் வரைக்கும் 43 பீப்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கார்புரேட்டரையும் கிளட்சையும் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டிக் காட்டியே என் காலம் ஓடிவிட்டது. பதினேழு வருடம் உழைத்த பழைய காரைப் போன வருடம் கொடுத்துவிட்டுப் புதுக் கார் ஒன்று வாங்கினேன். முன்கண்ணாடியில் கேமரா, முகப்பில் ரேடார், பின் பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடார். 'ஏடாஸ்' என்று ஷோரூமில் சொன்னார்கள். ஓட்டுகிறவருக்கு உதவி செய்கிற ஏற்பாடு. "பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிற மாதிரி சார்" என்றார் சாவி கொடுத்த தம்பி. ஆள் உட்கார்ந்திருப்பது நிஜம்தான். அவர் வாயை மூடமாட்டார் என்பதைத் தம்பி சொல்லவில்லை.

முதல் சண்டை கோயில் வாசலிலேயே வந்துவிட்டது. ஷோரூமிலிருந்து நேரே பூஜைக்குப் போனோம். கண்ணாடியில் சந்தனம், குங்குமம். முகப்பின் குறுக்கே கனமான ரோஜா மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். நாலு தெரு தாண்டுவதற்குள் திரையில் மஞ்சள் எழுத்து: முன்பக்க ரேடார் மறைக்கப்பட்டுள்ளது. "சாமி மாலையை வண்டி வேண்டாங்குதா?" என்று என் மனைவி முகம் வாடிவிட்டாள். ரேடார் என்பது கிரில்லுக்குள்ளோ, கம்பெனி முத்திரைக்குப் பின்னாலோ, பம்பரின் கீழ்ப்பகுதியிலோ மறைந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஈரப் பூவைத் தாண்டி அதன் அலை போகாது. மாலையைக் கழற்றிப் பின் சீட்டில் வைத்ததும் எழுத்து மறைந்தது. ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்கிங் சென்சார் முன்னால் கன்று கட்டினால், ஊர்வலம் முடிகிற வரைக்கும் வண்டி கத்திக்கொண்டே வரும்.

மறுநாள் திருச்சி கே.கே.நகரிலிருந்து சமயபுரம் டோல்கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். மனைவி விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். 43 பீப். ஷேர் ஆட்டோ உரசினாற்போல் போனால் பீப். பைக்காரர் குறுக்கே நுழைந்தால் பீப், கூடவே சிவப்பு விளக்கு. வெள்ளைக் கோட்டை மிதித்தால் ஒரு பீப், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். இதற்கு நடுவில், இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போதே, 'ஸ்டியரிங்கைப் பிடிக்கவும்' என்று ஓர் உத்தரவு வேறு. சீட் பெல்ட்டுக்கான ஓசையும் வேகம் 80 தாண்டினால் அடிக்கும் மணியும் 2019 ஜூலை முதல் இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். அவற்றை இந்த 43-இல் சேர்க்கவில்லை.

வண்டி பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதன் கணக்கு வேறு. முன்னால் இருப்பதற்கும் நமக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி, அந்த இடைவெளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது, இப்படியே போனால் எத்தனை விநாடியில் மோதும், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். இரண்டு விநாடி இடைவெளி விடு என்று பாடப்புத்தகம் சொல்கிறது; அதாவது 50 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் 50 மீட்டர் விட்டால் அது இடைவெளி இல்லை, அழைப்பிதழ். ஒரு கார், ஒரு வேன், இரண்டு பைக் உள்ளே வந்துவிடும். பைக்காரர் என்னைவிட வேகமாகப் போகிறார், அரை விநாடியில் விலகிவிடுவார் என்று முப்பது வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியும். கேமராவுக்கோ அவர் திடீரென்று 5 மீட்டரில் முளைத்த ஒரு பொருள். அவர் வேகத்தை அளந்து முடிப்பதற்குள் அது கத்திவிடுகிறது. கத்தாமல் விட்டு இடித்தால் பழி யார் மேல் விழும் என்பது அதைச் செய்த பொறியாளருக்குத் தெரியும். பொய் எச்சரிக்கையைக் குறைத்தால், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் போவது அதிகமாகும். இரண்டையும் ஒரே திருகால் குறைக்க முடியாது. அதனால் திருகைக் கத்துகிற பக்கமே வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் கெடுதல் காது வலியோடு முடிந்தால் பரவாயில்லை. மாசி மாதம் ஒரு சாயங்காலம், பெரம்பலூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் போகிற பருவம். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வண்டி பீப் என்றது. கோட்டை மிதித்திருப்பேன் என்று நினைத்து ஸ்டியரிங்கை லேசாகத் திருத்தினேன். பிரேக்குக்குக் கால் போகவே இல்லை. "ஏங்க, டிராக்டர்!" என்று மனைவி சொன்ன பிறகுதான் பார்த்தேன். பின் விளக்கு இல்லாத டிரெய்லர். கரும்புச் சோகை தரையைத் தொட்டுக்கொண்டு, சாலையோடு சாலையாகச் சாம்பல் நிறத்தில். நின்றுவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலில் பார்த்தது கார். அது சொல்லியும் என் காதில் ஏறவில்லை. கோட்டுக்கும் டிராக்டருக்கும் ஒரே குரலில் கத்தினால் எப்படி ஏறும்? புலி வருது, புலி வருது என்று கத்திய பையன் கதைதான். மனைவி குரல் ஏறியதற்குக் காரணம், அவள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் அப்படிக் கத்துவாள்.

விமானக்காரர்கள் இந்தத் தொல்லையை அரை நூற்றாண்டுக்கு முன்பே பட்டுவிட்டார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு மேற்கே ஒரு பயணி விமானம் மேகத்துக்குள் தாழ இறங்கி மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் அமெரிக்கா கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அந்தக் கருவி காரணமில்லாமல் அடிக்கடி அலறியது. விமானிகளுக்கு நம்பிக்கை போயிற்று. டான் பேட்மேன் என்ற பொறியாளர் வாழ்நாள் முழுக்க இதோடு மல்லுக்கட்டினார். அவர் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கவில்லை, கருவிக்கு ஊரைச் சொல்லிக் கொடுத்தார். உலகத்தின் மேடு பள்ளங்களை வரைபடமாக உள்ளே ஏற்றினார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு வெளியே வந்த அந்நாட்டு நில வரைபடங்களைக்கூட வாங்கிச் சேர்த்தார்கள். எங்கே மலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு கருவி கண்டதற்கெல்லாம் கத்துவதை விட்டது. நம் பைக்காரர்களுக்கு அப்படி ஒரு வரைபடம் யார் போடுவது என்பது வேறு விஷயம்.

சரி, என் காருக்கு என்ன செய்தேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓடும்போது இந்தப் பட்டியல்களைத் திறந்து நோண்டாதீர்கள், அதுவே விபத்துக்கு வழி. மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கறப்பகூட இவ்வளவு நேரம் உக்காரல நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று தெரிந்த முதல் செய்தி, பீப் எல்லாம் ஒன்றல்ல. என் காரிலேயே ஏழெட்டு வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சத்தம், தூரம், நடுக்கம் என்று தனித்தனித் திருகு உண்டு. கோட்டைத் தாண்டும்போது வரும் ஓசையை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் நடுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது கை நடுங்கினால் கோடு, காதில் விழுந்தால் முன்னால் ஏதோ இருக்கிறது. இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. பக்கவாட்டில் வண்டி வருவதற்குக் கண்ணாடியில் எரியும் சின்ன விளக்கு போதும் என்று மணியை எடுத்துவிட்டேன். மோதல் எச்சரிக்கையில் சீக்கிரம், நடுத்தரம், தாமதம் என்று மூன்று படி இருந்தது. ஊருக்குள் தாமதம், நெடுஞ்சாலையில் நடுத்தரம். ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருகிறவர்களைச் சொல்லும் எச்சரிக்கையை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் சைக்கிள் பழகும் பிள்ளைகள் அதிகம். தானாகப் பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டில் கை வைக்கவே இல்லை. நான் தப்பு செய்கிற அன்றைக்கு அது வேண்டும்.

ஸ்டியரிங்கைப் பிடி என்று வருவது என் மேல் உள்ள சந்தேகத்தால் இல்லை. பல கார்களில் கை இருக்கிறதா என்பதை ஸ்டியரிங் மேல் விழும் சின்னத் திருப்பு விசையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நேர் சாலையில் லேசாகப் பிடித்தால் அந்த விசை பூஜ்யம். ஒரு கையை வளையத்தின் பக்கவாட்டில் தொங்கவிட்டாற்போல் வைத்தால் அந்த எடையே போதும். இதற்குச் சிலர் தண்ணீர் பாட்டிலைச் செருகிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். சீட் பெல்ட் ஓசையை நிறுத்தப் போலிக் கொக்கி மாட்டுகிற அதே புத்தி. அந்தக் கொக்கிகளை இணையக் கடைகளிலிருந்து நீக்கச் சொல்லி 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டிவந்தது. கார் தானாக ஓடும் திறனுக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள் இருக்கின்றன. நம் கடைகளில் பெருமையாகச் சொல்லி விற்பது இரண்டாம் படி. அந்தப் படியில் ஓட்டுநர் நாம்தான், கார் இல்லை.

என்னைக் கொஞ்சம் கூச வைத்தது கோட்டு விவகாரம். பழைய காரில் நான் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுவது எனக்கே தெரியாது. சொல்ல யாரும் இல்லை. அந்த 43-இல் குறைந்தது பதினைந்து அந்தக் கணக்குதான். சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையின் இடது ஓரமாக வரிசையாக நடப்பார்கள். அவர்களுக்கு இடம் விட்டு வலப்பக்கம் ஒதுங்கினால், கோட்டைத் தாண்டுகிறாய் என்று வண்டி ஸ்டியரிங்கை மறுபடி இடப்பக்கம் இழுக்கும், அதாவது ஆட்கள் பக்கம். இழுப்பு பலமானது இல்லை, குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுதான், கை அழுத்தினால் அடங்கும். ஆனாலும் அந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றது. வலது இண்டிகேட்டர் போட்டுவிட்டு ஒதுங்கினால் அந்த இழுப்பே வராது. இப்போது ஒதுங்குவதற்கெல்லாம் போடுகிறேன், பின்னால் வருகிற பஸ்காரருக்கும் அது உதவுகிறது. ஊருக்குள், கோடே இல்லாத சாலையிலும் மேம்பால வேலைக்காகப் போட்ட பழைய கோடு அழியாமல் கிடக்கிற இடத்திலும், இழுக்கிற வேலையை முழுதாக நிறுத்திவிடுகிறேன். சில கார்களில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது மறுபடி உயிர்பெற்றுவிடும். ஐரோப்பாவில் 2024 ஜூலைக்குப் பிறகு விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் சில எச்சரிக்கைகள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. என் காரில் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். சாவி போடுவது, பெல்ட் மாட்டுவது, அப்புறம் அந்தப் பொத்தான் என்று கை பழகிவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகும் காரணமில்லாமல் கத்தினால், முதலில் ஒரு ஈரத்துணி எடுங்கள். கேமரா இருக்கும் இடத்துக் கண்ணாடியில் பூச்சி, விபூதி, ஸ்டிக்கர் எதுவும் இருக்கக்கூடாது. கல்லடித்து முன்கண்ணாடி மாற்றினால், கேமராவின் கோணத்தைத் திரும்பச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வெளியே மலிவாகக் கண்ணாடி மாற்றினார். ஒரு பாகை (டிகிரி) விலகினாலே 60 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் தப்பாகத் தெரியும். அவர் கார் பக்கத்து லேனில் போகிற லாரிக்கெல்லாம் பிரேக் பிடித்தது. பின்னால் வருகிறவர் பாடு என்னவாகும், யோசித்துப் பாருங்கள்.

போன மாதம் மனைவி மறுபடி எண்ணினாள். கே.கே.நகரிலிருந்து சமயபுரம், ஆறு பீப். அதில் நாலு நியாயமானவை என்று நானே ஒப்புக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் குறைக்கவிடவில்லை. நெடுநேரம் ஓட்டினாலோ ஸ்டியரிங்கில் கை தடுமாறினாலோ திரையில் ஒரு காபிக் கோப்பை படம் வரும், களைத்திருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்று. சென்னை போகும்போது அது எப்படியோ உளுந்தூர்பேட்டை பக்கமாகத்தான் வருகிறது. எனக்குத் தூக்கமே இல்லை என்று நான் சொல்வேன். "காரே சொல்லுது, உங்களுக்கு என்ன?" என்று அவள் கதவைத் திறந்து இறங்கிவிடுவாள். காபி இருக்காது, டீதான். குடித்துவிட்டுக் கிளம்புகிறோம்.

வணக்கம்.