செதுக்காமல் விட்ட சுவர்

நேயர்களுக்கு வணக்கம். பாறையில் வெடி வைத்துத் தோண்டிய கிணற்றை எட்டிப் பார்த்திருப்பீர்கள். சுவரெங்கும் துளைபோட்ட தடம் வரிவரியாக இருக்கும், இடுக்குகளில் ஈரம் கசியும். உள்ளே குனிந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கனத்து மேலே வரும். அப்படியொரு குழியைச் சுமார் 750 பேர் உட்காரும்படி அகலமாக வெட்டி, மேலே செம்பு மூடி போட்டால் எப்படி இருக்கும்? பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், தோலோ பகுதியில் அப்படித்தான் ஒரு லுத்தரன் தேவாலயம் இருக்கிறது. பெயர் தெம்பெலியவுகியோ. நாக்கு சுளுக்கினால் ‘பாறைத் தேவாலயம்’ என்றே சொல்லிக்கொள்ளலாம், உலகமும் அப்படித்தான் சொல்கிறது.

1930களிலேயே இந்த இடத்தில் தேவாலயம் கட்ட வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது, வேலை நின்றது. 1961இல் நடந்த போட்டியில் திமோ, துவோமோ சுவோமலைனென் என்ற கட்டடக்கலைஞர்களான அண்ணன் தம்பி வென்றார்கள். பணம் போதாமல் திட்டத்தைச் சுருக்கி, 1968இல் பாறையை உடைக்கத் தொடங்கி, 1969இல் திறந்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி அந்தச் சுவர்தான். உள்ளே பாறை வெடி வைத்து உடைத்தபடியே நிற்கிறது, துளைத் தடங்கூட அப்படியே. ஆனால் போட்டிக்கு அனுப்பிய வரைபடத்தில் அது இல்லை! நடுவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சகோதரர்கள் காட்டவே இல்லை. பிறகு ஒலியியல் பொறியாளர் மவுரி பர்யோவும் இசை நடத்துநர் பாவோ பெர்க்லுண்டும், நல்ல இசைக்குச் சுவர் எப்படி இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். கேட்டுப் பார்த்தால், பாறையைச் சும்மா விட்டாலே அத்தனையும் நிறைவேறிவிடும்!

ஏன் அப்படி? சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்ட காலி வீட்டில் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் சுவருக்குச் சுவர் மோதி அடுத்த சொல்லின் மேல் விழும். வட்டமான அறை என்றால் இன்னும் மோசம். வளைந்த வழவழப்பான சுவர், குவித்த உள்ளங்கை மாதிரி, சத்தத்தையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே இருப்பவருக்குக் காது அடைக்கும், பக்கத்து வரிசைக்காரருக்கு ஒன்றும் புரியாது. கல் ஒலியைக் குடிக்காது. ஆனால் மேடும் பள்ளமுமான கல் அதைச் சிதறடிக்கும். விரற்கடை அளவுப் புடைப்பு உச்சஸ்தாயிக்கு மட்டும் உதவும். தடித்த குரலைச் சிதறடிக்க முழம் அளவாவது மேடு பள்ளம் வேண்டும். உளியால் கொத்திச் சீராக்கியிருந்தால் சின்னது மட்டும் மிஞ்சியிருக்கும். வெடித்த பாறையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. மறுபடி சொல்கிறேன், செலவு செய்து வழவழப்பாக்கியிருந்தால் இசை கெட்டிருக்கும்.

இனி அந்தக் கசிவு. கிணற்றைப் போலவே இந்தப் பாறை இடுக்குகளிலும் நீர் கசியும். பூசி அடைத்தால் தீராதா என்பீர்கள். நம் வீட்டிலேயே ஈரச்சுவரின் மேல் பூசிய பூச்சு உப்பிப் பெயர்வதைப் பார்த்திருக்கிறோமே! அடைத்த நீர் வேறு இடுக்கைத் தேடும். அதனால் இவர்கள் அடைக்கவில்லை. வழிந்து வரும் நீரைக் கால்வாய் வெட்டித் தரைக்கடியில் வடிய விட்டார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியம் கிடையாது, பனியுக காலத்துப் பாறைப் பிளவுதான் அங்கே.

மேலே கூரை. 24 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடம், அடிப்பக்கம் முழுக்க வட்டவட்டமாகச் சுற்றிய செம்புப் பட்டை, நீட்டினால் 22 கிலோமீட்டர். குவிமாடத்துக்கும் பாறைக்கும் நடுவே 180 கண்ணாடிகள். பாறையின் விளிம்பு ஒரே உயரத்தில் இல்லை, ஓரிடம் ஐந்து மீட்டர், இன்னோரிடம் எட்டுக்கும் மேல். மேலேயோ சரியான வட்டம். அந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் இந்தக் கண்ணாடி வளையம்தான் ஏற்றுக்கொள்கிறது. ஒளியும் அந்த வழியாகத்தான் சுவரின் மேல் இறங்குகிறது.

இங்குள்ள ஆர்கன் என்ற குழலிசைக் கருவியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. வேய்க்கோ விர்த்தனென் செய்தது, 3001 குழல்கள், அதோடு நிறுத்துகிறேன். இன்னொன்று மட்டும்: இங்கே மணிக்கூண்டு இல்லை. இசையமைப்பாளர் தானெலி கூசிஸ்தோ அமைத்த மணியோசையைப் பதிவுசெய்து, வெளிச்சுவரில் வைத்த ஒலிபெருக்கி வழியாகப் போடுகிறார்கள். வானொலி மாதிரியேதான். வணக்கம்.